ஆடி மாதத்துக்கு விளக்கம்

...அதற்குப் போய் ஒரு விளக்கமா, தலை ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனதற்கு எந்த ஊரில் எவள் விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள், நான் எழுத வேண்டுமாம், கையெழுத்தோடு. “கல்யாணம் ஆகி ஒன்றரை மாசத்துலயே ரெண்டு பேரும் தனித்தனியா இருந்திருக்கீங்க மேடம், அத கனடா விசா ஆபீஸ்ல வேற மாதிரி எடுத்துக்குவாங்க” என்று நேற்று போனில் சொன்னாள் சிந்து, பெரம்பலூரில் விசா வேலை பார்த்துக் கொடுக்கிற ஆபீஸில் இருக்கும் பெண். வேற மாதிரி என்றால் எந்த மாதிரி, சண்டை போட்டுக்கொண்டு போனேன் என்றா, இல்லை கனடாவுக்குப் போவதற்காகவே ஒருத்தன் கையால் தாலி கட்டிக்கொண்டேன் என்றா, கேட்க வந்தது வாய் வரைக்கும், ஆனால் அந்தப் பெண்ணைக் கேட்டு என்ன ஆகப்போகிறது, அவள் சம்பளத்துக்கு இருப்பவள். என் புருஷன் பூவரசன் கனடாவில் வெல்டிங் வேலை பார்க்கிறார், அங்கேயே நிரந்தரமாக இருப்பதற்கான பி.ஆர். அவருக்குக் கிடைத்துவிட்டது, இப்போது எனக்குப் போடுகிறார், அதற்கு நான் அவர் பெண்டாட்டிதான் என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அவ்வளவுதானாம். மூன்று வருஷமாக நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு, வாலிகண்டபுரத்தில் மாமியாரோடு குடித்தனம், ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் பூவரசன் பெண்டாட்டி என்று சொல்லும், அதெல்லாம் செல்லாது, காகிதம் வேண்டும். மடியில் இருக்கிற பிளாஸ்டிக் ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன், டிரைவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார், அவருக்கு என்ன அவசரம், அவரை யாரும் எதையும் நிரூபிக்கச் சொல்லவில்லை.

அரியலூருக்கு வந்ததே போட்டோவுக்காக. இருபது படம் வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து இருப்பது மாதிரி. கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினால் சிந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, “இது செல்லாதுக்கா” என்றாள், மேடத்திலிருந்து அக்காவுக்கு இறங்கினால் கெட்ட செய்தி என்று எனக்கு அதற்குள் தெரிந்துபோயிருந்தது. ஏன் செல்லாது, பார்த்தால், நானும் அவரும் மாலையும் கழுத்துமாகப் பனிமலைக்கு முன்னால் நிற்கிறோம், அடுத்த பக்கத்தில் ஏதோ வெளிநாட்டு ஏரிக்கரையில், அதற்கடுத்து டூலிப் தோட்டத்தில், நடுவில் என் பட்டுப்புடவை முந்தானை வேறு காற்றில் பறக்கிறது. மூன்று வருஷமாக அந்த ஆல்பத்தை எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன், எல்லோரும் அழகா இருக்கு என்றுதான் சொன்னார்கள், ஒருத்தருக்கும் அது பொய் என்று தோன்றவில்லை, ஏன் தோன்ற வேண்டும், கல்யாண ஆல்பம் என்றால் மலை இருக்கும், எல்லோர் ஆல்பத்திலும் இருக்கிறது. “பாஸ்போர்ட்டுல ஒரு சீல் கூட இல்ல, போட்டோல மலை மேல நிக்கிறீங்க, மொத்த கல்யாணமும் கிராபிக்ஸ்னு நெனைச்சுக்குவாங்க” என்றாள் சிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இன்றைக்கு விடிந்ததும் விடியாததுமாக அத்தைக்கு இட்லி ஊற்றி வைத்துவிட்டு அரியலூர் ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தேன். ஸ்டுடியோக்காரர் இராமலிங்கம் பழைய ஹார்ட் டிஸ்கை எல்லாம் இழுத்துப் போட்டுத் தேடி, நல்ல வேளை, மலை வைப்பதற்கு முன்னால் எடுத்த படங்களைக் கண்டுபிடித்தார். மலைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன், மண்டபத்துப் பந்தி அறை, தண்ணீர் டிரம், மடித்து வைத்த சேர், அதோடு ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் என் மாமியார் நிற்கிறாள், கையில் தாம்பாளத்தோடு ஒன்றில், வெறுங்கையோடு ஒன்றில், எங்களைப் பார்க்காமல் மகனை மட்டும் பார்த்துக்கொண்டு. “உங்க மாமியாரு எல்லா ஃபிரேம்லயும் உள்ள வந்துட்டாங்கம்மா, நகருங்கன்னா நகரல, அதான் அவங்கள எடுத்துட்டு மலைய வச்சேன்” என்றார் இராமலிங்கம், ஏதோ உபகாரம் செய்தவர் மாதிரி. அந்த மலையால்தான் நான் இன்றைக்கு இந்த அலைச்சல் அலைகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன், அவருக்கு உறைத்ததா தெரியவில்லை.

பஸ் கிளம்பிவிட்டது, சிமெண்ட் லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது, வழியும் விடவில்லை, வேகமாகவும் போகவில்லை, ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் வாயெல்லாம் சுண்ணாம்புப் புழுதி. போன வாரம் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, “வீட்டுக்காரரு போன் கீன் பண்றாரா?” என்று கேட்டார், அது அவருடைய ஃபாரத்தில் இருக்கிற கேள்வியா, இல்லை அவராகக் கேட்டதா... அத்தைதான் உள்ளே இருந்து, “எம்மவன் தெனைக்கும் பண்றான், ஒங்க வூட்ல எப்படி?” என்று கேட்டாள், அந்த ஆள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். போன் பண்ணியதற்கும் அத்தாட்சி வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டதை எல்லாம் எடுத்துப் பிரிண்ட் போடச் சொன்னார்கள், போட்டேன், புருஷன் பெண்டாட்டி பேசியதைக் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நிற்பதைப் போல ஒரு கேவலம் உண்டா, அந்தக் கடைக்காரன் படிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். படித்திருந்தாலும் என்ன இருக்கிறது அதில். மோட்டார் காயில் எரிந்துபோச்சு, அத்தைக்குச் சுகர் இவ்வளவு, அத்தை காலைத் தரையில் ஊன்றினாங்க, அத்தை உங்ககிட்ட பேசணும்னாங்க, அத்தை சாப்பிடமாட்டேங்கிறாங்க நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் எழுதியது, சரி, ம், பாத்துக்க, கட்டைவிரல். சிந்து பேனாவால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுல அன்பா ஏதாவது இருக்காக்கா, மிஸ் யூ அந்த மாதிரி, அத்தைங்கிற வார்த்தைதான் ரொம்ப இருக்கு” என்றாள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார், பெட் பேன் வைத்தது யார், அவளை மறுபடி நடக்க வைக்க வாசலுக்கும் கொல்லைக்கும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலைந்தது யார், அதெல்லாம் அன்பு இல்லையாம், ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை தட்டிவிட்டிருந்தால் அன்பாம். ராத்திரி அவரிடம் சொன்னால் அவர், “அவங்க ரூல் அப்படி, கேட்டத குடுத்துட்டுப் போவியா” என்கிறார். குடுத்துட்டுப் போவியா. ஓடுகிறது நான், அவர் அங்கிருந்து கட்டைவிரலைக் காட்டுகிறார்.

சிந்துவின் ஆபீஸ் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, படியேறினால் சுவர் முழுக்கச் சிரிக்கிற குடும்பங்கள், எல்லோரும் வெள்ளைக்காரக் குடும்பம், விசா வாங்கத் தேவையே இல்லாதவர்கள். இராமலிங்கம் கொடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. “இதான்க்கா வேணும், இந்த டிரம், இந்த மாமியாரு, இதெல்லாம் இருந்தாதான் நெசம்.” நெசம் என்பதற்கு ஒரு டிரம் வேண்டியிருக்கிறது பாருங்கள். அப்புறம் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நேற்றுச் சொன்ன விளக்கம் நான் எழுதினால் மட்டும் போதாதாம், குடும்பத்தில் பெரியவங்க ஒருத்தர் எழுதிக் கொடுத்தால்தான் வெயிட்டாம், மாமியாரே கொடுத்தால் ரொம்ப நல்லது, அவங்க மகன், அவங்க வீடு, அவங்க கண்ணால் பார்த்தது. இது உண்மையான கல்யாணம், இவர்கள் பிரிந்திருந்தது இந்தக் காரணத்துக்காக, அவ்வளவுதான், அவங்க சொந்த வார்த்தையில் இருக்கணும். “தமிழ்ல எழுதுங்க, நாங்க இங்கிலீஷ்ல மாத்திக்கிறோம், நாளைக்குள்ள குடுத்துட்டீங்கன்னா அனுப்பிடலாம், இதான் கடைசி பேப்பர்.” ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரையில் பிறந்தால் வீட்டுக்கு ஆகாது, அதனால் புதுப் பெண்டாட்டியைப் பிரித்து வைப்பது, இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். “கஷ்டந்தான்... எனக்கும் உங்கள மாதிரி வைகாசியிலதான் கல்யாணம் ஆச்சுக்கா, ஆடிக்கு அம்மா வீடுதான்” என்றாள். அதற்கப்புறம் அவளிடம் கோபப்பட முடியவில்லை, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

வாலிகண்டபுரம் பஸ்ஸில் நிற்கத்தான் இடம், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன், ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் எழுந்து உட்காருங்கக்கா என்றாள், வேண்டாம் என்றேன், உட்கார்ந்தால் யோசனை இன்னும் மோசமாக வரும். அத்தையிடம் போய்க் கேட்க வேண்டும். எதை, உங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போவதற்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று. திட்டக்குடியில் இருக்கிற நாத்தனார் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று பேச்சு, பேச்சோடு சரி, அவள் வந்து ஒரு நாள் தங்கினாலே பிள்ளைக்குப் பரீட்சை என்று ஓடுகிறவள். அவரிடம் இதைக் கேட்டால், “அம்மாவ பாத்துக்கலாம், மொதல்ல பேப்பர அனுப்பு” என்றார். யார் பார்த்துக்கொள்வது, எழுவாய் இல்லாமலே பேசுகிறார் மனுஷன்... அந்த ஆடி, அந்த ஆடியில் என்ன நடந்தது, இரண்டு மாச லீவில் வந்தார், வைகாசியில் கல்யாணம், ஆனி முழுக்க விருந்து, ஒரு வீட்டில் கறிச்சோறு இன்னொரு வீட்டில் மீன் என்று ஊர் ஊராகப் போனோம், இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேசியது அந்தப் பஸ் பயணங்களில்தான், அப்போதுதான் அவருக்கு இருட்டில் பயம் உண்டு என்று சொன்னார், நான் சிரித்தேன். அடுத்த வாரமே ஆடி, அப்பா சீரோடு வந்து நின்றார், நான் உடையார்பாளையம் போனேன். லீவில் மூன்று வாரம் மிச்சம் இருந்தது. மூன்று வாரமும் அவர் இங்கே, நான் அங்கே, நடுவில் ஒரு போன், அதிலும் பக்கத்தில் யாராவது. ஆடி முடிவதற்குள் அவர் கிளம்பிவிட்டார், திருச்சி ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன், அவ்வளவுதான். அப்புறம் ஒரே ஒரு தடவை பொங்கலுக்கு வந்தார். இன்னும் விசேஷம் இல்லையா என்று கேட்கிறார்களே, போன வாரம் கூட எங்கள் தெருத் தனம் அக்கா தண்ணிக்குழாயில் வைத்துக் கேட்டாள், புருஷனைக் கனடாவில் வைத்துக்கொண்டு விசேஷம் எங்கிருந்து வரும். அப்பாமேல் எனக்கு இன்னும் அந்தக் கோபம் போகவில்லை, மாப்பிள்ளைக்கு லீவு கம்மி என்று தெரிந்தும் வந்து கூட்டிக்கொண்டு போனாரே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று. புருஷன்மேலும்தான், வாயைத் திறக்காமல் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாரே.

வீட்டுக்குள் நுழையும்போது அத்தை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், அந்தக் கால் இனி மடங்காது, டாக்டர் சொல்லிவிட்டார். “வந்துட்டியா, பஸ்ஸு கெடச்சுதா, தட்டு போட்டு சோறு மூடி வச்சிருக்கேன் பாரு” என்றாள். கொளஞ்சி என்று பேர், ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை, என்னிடமும் முதல் வருஷம் அப்படித்தான் இருந்தாள், விழுந்ததற்கப்புறம்தான், நான் அவளைத் தூக்கி உட்கார வைக்கும்போது என் தோளைப் பிடிக்கிற அந்தப் பிடியில் என்னவோ மாறியது, நான் அதை எப்போது கவனித்தேன் என்று தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன், நாங்கள் நிஜமாகவே புருஷன் பெண்டாட்டி என்று நீங்கள் எழுதித் தர வேண்டுமாம் என்று.

“நான் எதுக்கு எழுதணும், ஊரே வந்து சாப்ட்டுட்டுப் போச்சே.”

“ஊரு சொன்னா செல்லாதாம் அத்தை. ஆடிக்கு ஏன் பிரிஞ்சி இருந்தோம்னும் எழுதணுமாம்.”

“அத போயி கேக்குறானுவளா.” கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். “எழுதிக் குடுத்தா நீ போயிடலாமா?”

“இதான் கடைசி பேப்பராம்.”

“சரி எழுது, நான் சொல்றேன்.”

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஃபைல் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேர், ஊர், என் மகன் பூவரசனுக்கும் வளர்மதிக்கும் பெரியோர்கள் முன்னிலையில் கல்யாணம் நடந்தது, அதுவரைக்கும் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன், நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். அப்புறம் அடுத்த கீரைக்கொத்தை எடுத்துக்கொண்டு சொன்னாள்.

“ஆடிக்கு அனுப்புனது வழக்கம்னு மட்டும் எழுதாத. ஒங்கப்பா சொன்னாரு, மாப்ளைக்கு லீவு கொறச்சலா இருக்கு, பேருக்கு ஒரு நாளு வந்துட்டு மறுநாளே திரும்பிடட்டும்னு. நான்தான் ஒத்துக்கல. சித்திரையில புள்ள பொறந்தா ஆவாதுன்னு சாக்கு சொன்னேன். அவன் போனா எப்ப வருவானோ, அவன நாலு நாளு எனக்குன்னு வச்சி சோறு போடணும்னு இருந்துச்சு, அதான் ஒன்ன அனுப்புனேன். அதையும் எழுது. எழுதுனாதான் ஒம்மேல தப்பு இல்லன்னு அவனுவளுக்குத் தெரியும்.”

அப்பா சொல்லியிருக்கிறார், சொல்லியும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மூன்று வருஷமாக என் முகக்கோணலை வாங்கிக்கொண்டிருக்கிறார், மனுஷன். இவள், இவள்தான், இந்தக் கட்டிலில் உட்கார்ந்திருப்பவள், என் மூன்று வாரத்தை எடுத்துக்கொண்டவள், நான் அங்கே உடையார்பாளையத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தபோது இவள் இங்கே மகனுக்கு மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள், அந்த மூன்று வாரம் இருந்திருந்தால் ஒருவேளை எனக்கு இப்போது ஒரு பிள்ளை... எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது, எங்கே போவது, கொல்லைக்கா, ராத்திரி இவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கணும், போகிறதற்கு இடம் எது. நல்ல கோபம் வந்தது, இன்றைக்கு முழுக்க வந்த கோபமெல்லாம் ஆள் தெரியாமல் சுற்றியது, இதற்கு ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அந்த ஆள் கீரையை உருவிக்கொண்டே, நான் எழுதுவதற்காகக் காத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் இருக்கிறது. இவளிடம் இதை யாரும் கேட்கவில்லை. போலீஸ் கேட்கவில்லை, சிந்து கேட்கவில்லை, நான் கூடக் கேட்கவில்லை.

குனிந்து எழுதினேன். எங்கள் சமூக வழக்கப்படி ஆடி மாதத்தில் மணப்பெண் தாய்வீடு செல்வது மரபு, அதன்படி சென்றார், மற்றபடி இருவரும் அன்யோன்யமாக வாழ்ந்து வருகிறார்கள், இதை உறுதி கூறுகிறேன். அவ்வளவுதான் எழுதினேன். வேறு யாரோ ஒருத்தரின் கை எழுதுவது மாதிரி மளமளவென்று வந்தது.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“படிச்சிக் காட்டு, எனக்கு இந்த வெளிச்சத்துல தெரியாது.”

படித்தேன். பேர் ஊரிலிருந்து ஆரம்பித்து, ஆடியில் நிறுத்தி, தாளைப் பார்த்துக்கொண்டே தாளில் இல்லாததைப் படித்தேன், சம்பந்தி சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, சித்திரைப் பிள்ளை என்பது சாக்கு, என் மகனை நாலு நாள் எனக்கென்று வைத்துக்கொள்ள நினைத்து என் மருமகளை அனுப்பினேன், அவள் மேல் தப்பு எதுவும் இல்லை. அத்தை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, விரலை வரி வரியாக வைத்து இறக்கினாள். எண்ணினாளா என்ன.

“படிச்சது நீளமா இருந்துச்சு, எழுதுனது கொஞ்சமாத்தான் இருக்கு.”

நான் பேனாவை நீட்டினேன். அவள் அதை வாங்கி, கொளஞ்சி என்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டாள், ‘ஞ்’சுக்கு மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி கீரை. நான் தாளை ஃபைலில் வைத்தேன், போட்டோக்களுக்கு மேலே. முதல் போட்டோவில் டிரம்முக்குப் பக்கத்தில் அவள் நிற்கிறாள், மகனைப் பார்த்துக்கொண்டு, நகருங்க என்று சொல்லியும் நகராமல். காலையில் இராமலிங்கத்தை அந்தத் திட்டுத் திட்டினேன், அவளை எடுத்துவிட்டு மலையை வைத்ததற்காக. இப்போது நான் வைத்தது என்ன, சமூக வழக்கப்படி, மரபு, அன்யோன்யம்... யாருக்காக வைத்தேன், அவருக்காகவா, பேப்பர் திரும்பி வந்துவிடும் என்றா, அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றா, இல்லை அவள் செய்ததை ஒத்துக்கொண்ட அந்த ஒன்று எனக்கு மட்டுமே இருக்கட்டும் என்றா. கட்டிலில் இருந்தபடியே அவள் கூப்பிட்டாள், வளரு, மாத்திரை எடுத்தியா என்று, எடுத்துக்கிட்டு வரேன் அத்தை என்றேன், ஃபைலை மூடாமலே எழுந்தேன்.